குதிரைக்கு மூக்கணாங்கயிறு போட்ட ஆறு பக்கம்

திண்டுக்கல்லிலிருந்து எந்த ரோட்டில் கிளம்பினாலும் என் எழுத்தைப் பார்க்காமல் ஊர் தாண்ட முடியாது என்று ஒரு காலம் இருந்தது. வேடசந்தூர் ரோட்டில் நூல் மில்களின் காம்பவுண்டுச் சுவர் எழுத்தெல்லாம் என்னுடையது. பழனி அடிவாரத்தில் பாதி லாட்ஜ் போர்டு என் பிரஷ். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிற இடத்தில் இருபதடி உயரத்துக்கு ஒரு பனியன் விளம்பரம் இருந்ததே, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் சிரிப்பானே, அந்தச் சிரிப்பு நான் சாரத்தில் நின்று மூன்று நாள் வெயிலில் போட்டது.

ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதாதவன் நான். ஃப்ளெக்ஸ் வந்து ஊரில் இருந்த பிரஷ்காரர்களை எல்லாம் வாட்ச்மேன் வேலைக்கு அனுப்பியபோது, அந்த ஃப்ளெக்ஸ் மெஷினையே வாங்கி வைத்தவன். பேங்க் மேனேஜர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "எதுவரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று கேட்டு ஃபைலை மூடினார். ஏழாவது தடவை போனபோது திறந்தார். கூட்டாளி என்று நம்பியவன் பாதி மெஷினைக் கழற்றிக்கொண்டு போனான். கொரோனாவில் மெஷின் மேல் மாசக்கணக்கில் தார்ப்பாய் கிடந்தது. இன்றைக்கு மூன்று மாடி. கீழே ஆஃப்செட், மேலே ஃப்ளெக்ஸ், அதற்கும் மேலே பைண்டிங். ஒருத்தன் கை கொடுத்துத் தூக்கிவிட்டதில்லை. பெருமையடிக்கிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். பெருமைதான்.

மூன்று மாடிக்கும் என் பெயரில் பத்திரம் இருக்கிறது. என் பெயர் இல்லாமல் கிடப்பது ஆறே ஆறு பக்கம். பதின்மூன்று வயதில் நான் வரைந்த ஆறு பக்கம். அதைத் தூக்கி, உலகத்தின் அந்தக் கோடியில் செத்துப்போன ஒரு பெரிய மனிதர் பெயரில் போடப் போகிறார்கள். அதுவும் என் மெஷினில்.

என் வயசுச் சேக்காளிகளே, பூகோளப் புத்தகத்துக்குள் சித்திரக் கதையை மறைத்துப் படித்து அடி வாங்கியவர்களே! நம் வாசகர் வட்டத்து ஆண்டு மலருக்கு எல்லாரும் பால்ய நினைவு எழுதுகிறீர்கள். வாடகைக்கு எடுத்த புத்தகம், அட்டை கிழிந்த புத்தகம், அம்மா அடுப்பில் போட்ட புத்தகம் என்று இனிக்க இனிக்க எழுதுகிறீர்கள். என்னையும் கேட்டார்கள். எனக்கு இனிக்கவில்லை, எரிகிறது. எரிகிறதைத்தான் எழுத முடியும்.

போன மாதம் வட்டத்துச் செயலாளர் தம்பி பென் டிரைவோடு பிரஸ்ஸுக்கு வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பழைய சித்திரக் கதை சேர்ப்பதில் பைத்தியம். நல்ல பிள்ளை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அய்யா, நம்ம வட்டத்தோட பெரிய கனவு இது. உங்க பிரஸ்ல அடிச்சாத்தான் சரியா வரும்."

தென் அமெரிக்காக்காரர் ஒருவர். சித்திரக் கதை வரைந்தே வாழ்ந்து, எண்பது தாண்டி, சமீபத்தில் காலமானவர். அவருடைய மொத்த வாழ்நாள் வேலையையும் படங்களோடு தமிழில் ஒரே புத்தகமாகக் கொண்டுவருகிறார்கள். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. யார் பெயரையும் எழுதப் போவதில்லை. இது பெயருக்கான சண்டை. தீருகிற வரைக்கும் எவர் பெயரும் வேண்டாம்.

கம்ப்யூட்டரில் பக்கத்தைத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஆற்றங்கரைத் துறைமுக ஊரில் பிறந்திருக்கிறார். தகப்பனுக்குக் கறித் தொழிற்சாலையில் வேலை. பதினான்கு வயதில் பத்திரிகையில் சோப்பு விளம்பரத்துக்குப் படம் போடச் சேர்ந்திருக்கிறார். பிறகு தபாலிலேயே லண்டன் கம்பெனிக்குக் கௌபாய் கதை வரைந்து அனுப்பியிருக்கிறார், ஒரு கௌபாயைக்கூட நேரில் பார்க்காமல். பிறகுதான் தன் நாட்டுப் புல்வெளிக் குதிரைக்காரனை வைத்துச் சொந்தக் கதை தொடங்கினார். அந்தக் குதிரைக்காரனைப் பார்த்ததும் பக்கம் தள்ளுவதை நிறுத்தினேன். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

அதற்கடுத்து ஒரு தலைப்பு. "உலகம் காணாத ஆறு பக்கங்கள்." அவர் நாட்டில் அச்சாகாமல் எப்படியோ இங்கே வந்து சேர்ந்து, ஒரு பழைய தமிழ் இதழில் மட்டும் வந்தவை என்று குறிப்பு. கீழே படம்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தேன்.

"தம்பி, இது நான் வரைஞ்சது."

தம்பி சிரித்தார். "நீங்க பெரிய ரசிகர்னு தெரியும்யா. ஆனா இம்புட்டுப் பெரிய ரசிகர்னு தெரியாது."

அச்சுக்கு பிளேட் போடுவதை நிறுத்தச் சொன்னேன்.

இனி அந்தக் கோடையைச் சொல்கிறேன்.

அந்த வருஷம் எங்கள் ஊர்ப்பக்கம் கிணறெல்லாம் அடி தெரிந்துவிட்டது. வேடசந்தூருக்கு மேற்கே செம்மண் காடு. மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் புழுதி. அப்பா மாடு இரண்டையும் ஒட்டன்சத்திரம் சந்தையில் விற்றுவிட்டுக் கயிற்றை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினார். தூரத்து உறவில் ஒருவர் பிரஸ் வைத்திருந்தார். அவரை முதலாளி என்றே எழுதுகிறேன். மாமா என்று கூப்பிடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"பையன் என்ன செய்வான்?"

"சொன்னதைச் செய்வான்."

"அம்புட்டுப் போதும்."

அந்த பிரஸ்ஸின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மண்ணெண்ணெய், மை, ஈயம், பசை வாளியில் புளித்த மைதா, எல்லாவற்றுக்கும் மேலே முதலாளியின் புகையிலை. தகரக் கூரை. பத்து மணிக்கு மேல் உள்ளே நின்றால் தலை உச்சி வேகும். கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்துக்கொண்டிருந்த முதலாளிக்கு எங்கிருந்தோ ஒரு ஆசை வந்து, மாதம் ஒரு சித்திரக் கதைப் புத்தகம் போட ஆரம்பித்திருந்தார். படத்துக்கு எங்கே போவது? மெட்ராஸிலிருந்து பழைய பேப்பர் மூட்டை வரும். கப்பலில் வந்து இறங்கிய வெளிநாட்டுக் கழிவுத் தாள். அதில் சித்திரக் கதைப் பத்திரிகையாகப் பார்த்துப் பொறுக்கி எடுப்பது என் முதல் வேலை.

அந்த பாஷை எங்கள் யாருக்கும் தெரியாது. அதைப் பற்றி முதலாளிக்குக் கவலையும் இல்லை. ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் ஒருவர் தினம் சாயங்காலம் வருவார். படத்தைப் பார்த்தே கதை எழுதுவார்.

"இவன் வாயைத் திறந்திருக்கான். புருவம் ஏறியிருக்கு. 'அடே பாதகா' போட்டுக்க."

குதிரைக்காரன் கதையில் வருகிற பெரிய பண்ணையாரை மூன்று இதழ் வரைக்கும் குதிரைக்காரனுக்கு மாமனார் என்றே எழுதிக்கொண்டிருந்தார் வாத்தியார். நாலாவது இதழில் அந்த ஆள் குதிரைக்காரனைப் பார்த்துச் சுட்டான்.

"வாத்தியாரே, மாமனார் சுடுறாரே?" என்றார் முதலாளி.

வாத்தியார் செத்த நேரம் யோசித்தார். "சீர்வரிசைத் தகராறுன்னு வச்சுக்குவோம்" என்றார்.

இதைப் படித்துத்தான் நீங்கள் எல்லாம் வளர்ந்தீர்கள், சேக்காளிகளே.

எனக்கு எப்படிப் பேனா கைக்கு வந்தது என்று சொல்ல வேண்டும். இரண்டு தொல்லைகள். முதல் தொல்லை, வசனம் எழுதுகிற பலூன். அவர்கள் பாஷைக்குப் பலூன் ஒடுக்கமாக, உயரமாக இருக்கும். நம் வார்த்தை நீளம். 'பண்ணையாரிடமிருந்து' என்று ஒரு வார்த்தை போட்டாலே பலூன் வெடித்துவிடும். அதனால் வெள்ளைப் பெயின்ட் வைத்துப் பலூனை இரண்டு பக்கமும் இழுத்து அகலமாக்க வேண்டும். அகலமாக்கினால் பக்கத்தில் நிற்பவன் காதோ தொப்பியோ போய்விடும். போன காதைத் திரும்ப வரைய வேண்டும். அதன் மேல் அச்சடித்த வசனத்தை வெட்டி ஒட்டி, மதுரைக்கு, அச்சடிக்கிற உலோக பிளாக் எடுக்க, அனுப்ப வேண்டும்.

இரண்டாவது தொல்லை, பெண்கள். கதையில் குதிரைக்காரன் விரும்புகிற பெண் ஒருத்தி. தோள் தெரிய சட்டை போட்டிருப்பாள். நம் ஊரில் அப்படி விற்க முடியுமா? முழுக்கை ஜாக்கெட் மாட்டிவிட வேண்டும். கறுப்பு மையால் தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மெழுகிவிட வேண்டும்.

இதைச் செய்துகொண்டிருந்த ஆள் சித்திரை பிறந்ததும் மில் வேலைக்குப் போய்விட்டார். முதலாளி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கழிவுத் தாள் ஓரத்தில் நான் காது வரைந்து வைத்திருந்ததைப் பார்த்தார்.

"ஏலே, இந்தக் காது யாரு போட்டது?"

"நான்தான்."

"இன்னொண்ணு போடு பாப்போம்."

போட்டேன். அன்றிலிருந்து பிரஷ் என் கையில். எவனும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தது அந்த ஓவியரின் படங்கள்தான், அதுவும் அவருக்கே தெரியாமல். ஒரு காதைத் திரும்ப வரைய அவர் போட்ட இருபது காதைப் பார்க்க வேண்டும். ஒரு கையை மூட அந்தக் கை எப்படி மடங்குகிறது என்று பார்க்க வேண்டும். மூட்டையில் பல வருஷத்துப் பத்திரிகை கலந்து கிடக்கும். எந்தப் படம் முதலில் போட்டது, எது பிறகு போட்டது என்று நான் கோட்டைப் பார்த்தே அடுக்கினேன். ஆரம்பத்தில் தலைமுடி மாதிரி மெல்லிய கோடு. குதிரை வாலில் ஒவ்வொரு மயிரும் எண்ணலாம். நடுவில் ஆளுக்குத் தைரியம் வந்திருந்தது. பாதி முகத்தைக் கறுப்பாக விட்டுவிடுவார், மீதியை நாமே பார்த்துக்கொள்வோம். கடைசிப் பத்திரிகைகளில் கறுப்பு கூடிக்கொண்டே போனது. ஆகாசம்கூடக் கறுப்பு. என்னவோ ஆகிவிட்டது இந்த மனுஷனுக்கு என்று அன்றைக்கே நினைத்தேன். தம்பியின் புத்தகத்தில் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த வருஷங்களில் அவர் நாட்டில் பட்டாளம் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆளைப் பிடித்துக்கொண்டு போனால் திரும்பி வருவதில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் ஆராய்ச்சி செய்து எழுதியிருக்கிறார்கள். நான் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, மையைப் பார்த்தே கண்டுபிடித்தேன்.

ஆனி மாதம் மூட்டையில் அவர் படம் தீர்ந்தது. குதிரைக்காரன் கதை இதுதான்: அவன் தம்பியைப் பண்ணையார் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள், தேடிப் போகிறான். எங்களுக்குக் கிடைத்த கடைசிப் பக்கத்தில் பண்ணையார் கோட்டைக்கு வந்துவிடுகிறான். பெரிய மரக்கதவு. தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறான். அம்புட்டுதான். அதற்குப் பிறகு இல்லை. மூன்று மூட்டையைக் கொட்டித் தேடினேன். இல்லை.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "அடுத்த இதழில் முடியும்" என்று அட்டையிலேயே போட்டுவிட்டார்.

வாத்தியார்தான் சொன்னார். "பையனையே போடச் சொல்லுங்களேன். கை வருதே."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி உசுரோட இருக்கணும். பண்ணையார் செமத்தியா வாங்கணும். கடைசியில கல்யாணம். ஆறு பக்கம். பிளாக்குக்குச் சனிக்கிழமை ஆள் போறான். புரியுதா?"

புரிந்தது. ஐந்து பகல் எடுத்தேன். கூரை கொதித்தது, வியர்வை சொட்டினால் மை பரவும் என்று நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு வரைந்தேன். ஆளும் முகமும் சிரமமில்லை, அவருடைய இருநூறு முகம் எனக்கு மனப்பாடம். குதிரைதான் கஷ்டம். அவர் எப்போதும் குதிரையைப் பக்கவாட்டில் போடுவார், கயிறு வாய்ப்பக்கம் எங்கே போகிறது என்று அந்த மட்டமான அச்சில் தெரியாது. எனக்கோ குதிரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், கதவு திறக்கும்போது. கயிறு எங்கே கட்டியிருக்கும்? திண்டுக்கல்லில் ஜட்கா வண்டிக் குதிரை பார்த்திருக்கிறேன், பின்னால் இருந்து. நான் அறிந்த பிராணி மாடு. கயிறு மூக்கில்தான் போகும். குதிரைக்கு மூக்கைக் குத்தி மூக்கணாங்கயிறு போட்டேன். வாயில் இரும்பு வைப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

கல்யாணம் போட்டேன். பொண்ணுக்கு முழுக்கை ஜாக்கெட், சுருக்கம் மடிப்போடு. கடைசிக் கட்டத்தில் இடம் இருந்தது. அங்கே என்ன போடுவது என்று முதலாளி சொல்லியிருக்கவில்லை. மழை போட்டேன். கோடு கோடாக, நிப் தேயத் தேய, கட்டம் முழுக்க மழை. எங்கள் காட்டில் பெய்யாதது எல்லாம் அதில் பெய்தது.

ஆறு பக்கத்திலும் கீழ் மூலையில், புல்லுக்கு நடுவில், என் பெயரைச் சின்னதாக எழுதினேன். அவரும் அப்படித்தான் எழுதுவார். முதலாளி பார்த்துவிட்டார். சவர பிளேடை எடுத்து ஒவ்வொரு பக்கமாக, தாள் கிழியாமல், பொறுமையாகச் சுரண்டினார்.

"ஒம்பேரப் பாத்தா எவன்லே வாங்குவான்? வெளிநாட்டுப் படம்னுதான வாங்குறான்."

இதழ் வந்தது. நீங்களும் வாங்கியிருப்பீர்கள். பழனியிலிருந்து ஒருத்தர் கார்டு போட்டிருந்தார், முடிவு பிரமாதம், தென் அமெரிக்க ஓவியரின் கைக்கு முத்தம் என்று. முதலாளி அதை ஆணியில் குத்தி வைத்தார். நான் தினம் அதற்குக் கீழே நின்றுதான் மை கரைப்பேன்.

அந்த மாதமே அப்பா வந்தார். ஊரில் எவனோ சொல்லியிருக்கிறான், உன் மகன் வேலை பார்க்கிற பிரஸ்ஸில் பொம்பளைப் படம் போடுகிறார்கள் என்று. நான் அப்போது அடுத்த கதைக்கு, வேறொரு பெண்ணின் தோளில் பிரஷ்ஷோடு குனிந்திருந்தேன்.

"என்னலே இது?"

"இல்லப்பா, துணி போட்டு விடுறேன்."

முதுகில் விழுந்தது அடி. மைக்கூடு உருண்டது. வலிக்கவில்லை, பயம்தான், எப்படியாவது அவரைக் குளிர வைக்க வேண்டும் என்று அந்த ஆறு பக்க இதழை எடுத்து நீட்டினேன். "இதப் பாருப்பா, இது பூராம் நான் போட்டது. மழை பாரு. மாடு... குதிரை பாரு."

அப்பா வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். மழைக் கட்டத்தில் அவர் கண் நின்றது. நான் பார்த்தேன். கை தணிந்துவிட்டது. முதலாளி பக்கம் திரும்பினார்.

"நெசமாவா? இவன் போட்டதா?"

சேக்காளிகளே, முதலாளி ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் போதும். அவர் என்ன நினைத்தாரோ. பையன் வரைந்தான் என்றால் அந்தப் பெண் படங்களும் அவன் தலையில் விழும், தன் தலையிலும் விழும் என்று பயந்தாரோ. வெளிநாட்டுப் படம் என்று ஊரெல்லாம் விற்றது வெளியே தெரியும் என்று நினைத்தாரோ.

"சேச்சே! இதெல்லாம் வெளிநாட்டுல போட்டு வாரது. ஒங்க மகன் இங்க பேப்பர் பெறக்குறான், கூட்டுறான். அம்புட்டுதான்."

வாத்தியார் மூலையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பொய் வேற சொல்றியாலே?" என்றார் அப்பா. அதற்குப் பிறகு விழுந்த அடிதான் வலித்தது. அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டார். அப்பா சாகிற வரைக்கும் நான் பொய் சொன்னதாகவே நம்பினார். நான் மில் சுவரில் எழுதியதைப் பார்த்த பிறகும், "எழுத்து நல்லாத்தான் எழுதுற" என்றாரே ஒழிய, அந்த மழையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முதலாளி இல்லை. வாத்தியார் இல்லை. பிளாக்குகள் பழைய உலோகமாகப் போய்விட்டன. நான் வரைந்த தாள் மதுரையிலிருந்து திரும்பவே இல்லை. இருப்பது அச்சடித்த இதழ் ஒன்று, செயலாளர் தம்பியின் பிளாஸ்டிக் உறைக்குள்.

போன வாரம் தம்பியை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"குதிரைக்கு மூக்குல கயிறு இருக்கே, தம்பி. அந்த நாட்டுக்காரன் போடுவானா?"

"அதைத்தான்யா நான் ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன். பட்டாளம் மக்களோட மூக்கைக் குத்தி இழுத்துட்டுப் போறதுக்கு அடையாளமா வரைஞ்சிருக்கார்."

"மூலையில பிளேடால சுரண்டுன வெள்ளை தெரியுதே?"

"உயிருக்குப் பயந்து தன் கையெழுத்தைத் தானே அழிச்சிருக்கார்யா."

"மழை?"

"விடுதலை."

மேஜையைத் தட்டினேன். அது தப்பு, தம்பி! அடையாளமும் இல்லை, அவருடைய மேதைமையும் இல்லை. குதிரை தெரியாத ஒரு பயல் செய்த தப்பு. அந்தத் தப்புக்குப் பாராட்டு வருகிறது என்றால் அது எனக்கு வர வேண்டும். திட்டு வந்தாலும் எனக்கே வரட்டும்.

அப்புறம் கடைசியாக ஒன்று கேட்டேன். முந்தின பக்கங்களை எடுத்துப் பாருங்கள் என்றேன். ஒவ்வொரு பலூனும் இழுத்து அகலமாக்கியது. வெள்ளைப் பெயின்ட் ஓரம் தெரியும், தொப்பி நசுங்கியிருக்கும், காது திரும்ப முளைத்திருக்கும். பெண்ணின் கை மடிப்பில்லாமல் கரி பூசினது போல் இருக்கும். இந்த ஆறு பக்கத்தில்? ஒரு பலூன்கூட இழுக்கவில்லை. 'பண்ணையாரிடமிருந்து' அழகாக, நாலு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறது. ஜாக்கெட்டில் மடிப்பு இருக்கிறது. தென் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் தமிழ் வார்த்தையின் நீளத்துக்கு அளவெடுத்தா பலூன் போட்டார்?

தம்பி வெகுநேரம் பக்கத்தைப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார். முகம் மாறிவிட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அய்யா, அவரோட மகளுக்கு இந்த ஆறு பக்கத்தையும் அனுப்பியாச்சு. அந்தம்மா அழுதுட்டாங்க. எங்கப்பா கதையை முடிச்சிருக்காரேன்னு எழுதியிருக்காங்க. இப்பப் போயி எப்படிய்யா சொல்றது? நீங்க இம்புட்டுச் சம்பாதிச்சு நல்லா இருக்கீங்க. ஆறு பக்கம்தானே. விட்டுக்குடுங்களேன்."

இதுதான் எனக்கு எரிகிறது. நல்ல பிள்ளை, உண்மையைத் தெரிந்துகொண்டு கேட்கிறது, விட்டுக்கொடு என்று. மூன்று மாடி இருப்பவனுக்கு ஆறு பக்கம் எதற்கு என்று.

அவர்கள் புத்தகத்திலேயே இருக்கிறது, நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கதவு தட்டுகிற பக்கம் வந்த வாரம் பட்டாளம் பத்திரிகை அலுவலகத்தைப் பூட்டியது. கூட வேலை பார்த்தவர்களில் ஒருவர் பிடிபட்டார், திரும்பவில்லை. ஓவியர் ஆற்றைக் கடந்து வேறு நாட்டுக்குப் போனார். பிறகு முப்பது வருஷம் பிள்ளைகள் புத்தகத்துக்குக் கிளியும் யானையும் கலரில் போட்டார். எத்தனையோ பேர் அந்தக் கதையை முடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். முடிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று தனக்குத் தெரியும், அதனால்தான் வரையவில்லை என்று சொல்லியிருக்கிறார். இதை ஒரு பக்கத்தில் அச்சடித்துவிட்டு, மறு பக்கத்தில் என் கல்யாணத்தையும் மழையையும் அவர் கையில் திணிக்கிறீர்கள். குதிரைக்காரன் தம்பி உயிரோடு வந்துவிட்டான், பண்ணையார் அடி வாங்கிவிட்டார், சுபம் என்று. அவருக்கு நடந்ததை அழிக்கிறீர்கள். ஒரே பிளேடால் இரண்டு பேர் பெயரைச் சுரண்டுகிறீர்கள். முதலாளியாவது என் பெயரை மட்டும்தான் சுரண்டினார்.

எனக்குக் காசு வேண்டாம், மேடை வேண்டாம், சால்வை வேண்டாம். கேட்பது இதுதான். அந்தக் கதவுப் படத்துக்குக் கீழே, ஓவியர் இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினார், பிறகு தொடவில்லை என்று வர வேண்டும். அடுத்த பக்கம் வெறும் தாளாக விட வேண்டும். தாள் செலவு என்னுடையது. அதற்குப் பிறகு என் ஆறு பக்கம், மூக்கணாங்கயிறோடு, திருத்தாமல். ஒவ்வொரு பக்கத்திலும் என் பெயர், என் ஊர், அன்றைக்கு என் வயசு. அவர் பெயர் எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ அதில் பாதி அளவு போதும். அளவு தெரிந்தவன்தான் நான்.

சிவகாசிக்குக் கொண்டுபோய் அடித்துக்கொள்வோம் என்று வட்டத்தில் சிலர் பேசுவதாகக் கேள்வி. போங்கள். இதைப் படித்த பிறகு எப்படி அடிக்கிறீர்கள் என்று பார்க்கிறேன்.

ஓவியரின் மகளுக்கு யார் சொல்வது என்றுதான் தம்பிக்குத் தயக்கம். நான் எழுதுகிறேன். தமிழில் எழுதித் தருகிறேன், அவர்கள் பாஷைக்கு மாற்றி அனுப்புங்கள். எழுதியும் வைத்துவிட்டேன், நாலே வரி: தாயி, உங்கள் அப்பா அந்தக் கதவைத் திறக்கவில்லை. திறந்தவன் நான். அவரைப் பார்த்துத்தான் வரையக் கற்றேன், அதனால் அவர் வரையாததை அவர் பெயரில் போட விடமாட்டேன். என் பெயரைப் போடச் சொல்லி நீங்களும் ஒரு வார்த்தை எழுதுங்கள்.